கைப்பேசி போனாலும் வழக்கு போகக் கூடாது: கோலாலம்பூர் மனித உரிமைத் தொண்டர்களுக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டி

தடுப்புக் காவல் மரணம், அடையாளக் கார்டு இல்லாத பிள்ளைகள், தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய குடும்பம், பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பறிகொடுத்த தமிழ்நாட்டுத் தொழிலாளி. கோலாலம்பூரில் இந்த வேலைகளைச் செய்யும் ஒரு தொண்டரின் கைப்பேசியைத் திறந்தால் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கையும், பிறப்புப் பத்திரமும், சாட்சியின் குரல் பதிவும், வழக்கறிஞரோடு பேசிய பேச்சும், மகளின் பள்ளிக்கூட நிகழ்ச்சிப் படங்களும் கலந்து கிடக்கும். அந்தக் கைப்பேசி தொலைந்தால் தொண்டருக்கு ஓராயிரம் வெள்ளி (ரிங்கிட்) நட்டம். சாட்சிக்கு என்ன நட்டம் என்பதைச் சாட்சிதான் சொல்ல வேண்டும்.

நல்ல பூட்டாகப் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மலேசியாவில் அது பாதிதான் சரி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவு, சோதனை நடத்தும் இன்ஸ்பெக்டருக்கோ அவருக்கு மேற்பட்ட அதிகாரிக்கோ கணினித் தரவைப் பார்க்க வழிவிட வேண்டும் என்கிறது. கடவுச்சொல்லைக் கொடுப்பதும் அதில் அடக்கம். 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 249-ஆவது பிரிவும் இதே போக்கில்தான் இருக்கிறது. ஆகவே திருடனுக்கும் தொல்லைக்காரனுக்கும் பூட்டு; சட்டத்தோடு வந்து திறக்கச் சொல்பவருக்கு முன்னால், உள்ளே தேவைக்கு மேல் எதுவும் இல்லாத ஒழுங்கு. இரண்டாவது வேலை கடினமானது. கீழே அதற்கு அதிக இடம் போகிறது.

ஒரு தாளில் தொடங்குங்கள்

எந்தச் செயலியையும் இறக்குவதற்கு முன் குழுவாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் செலவிடுங்கள். கையால் எழுதுங்கள், படம் எடுக்காதீர்கள். மூன்று கேள்வி போதும்: நம்மிடம் என்ன இருக்கிறது, அது யாருக்கு வேண்டும், அவர் கையில் போனால் யாருக்கு அடி விழும்?

பட்டியல் போட்டுப் பார்த்தால் எதிராளிகள் நான்கைந்து வகையாகப் பிரிவார்கள். வாட்ஸ்அப் கணக்கைப் பறித்துப் பணம் கேட்கும் மோசடிக் கும்பல். முகநூலிலும் டிக்டாக்கிலும் விரட்டி விரட்டித் திட்டுபவர்கள். வழக்கில் எதிர்த்தரப்பாக நிற்கும் முதலாளி அல்லது ஏஜெண்ட். போலீஸ் விசாரணை. கடைசியாக, விலையுயர்ந்த உளவு மென்பொருள் வைத்திருப்பவர். பலரும் கடைசி வகையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நடைமுறையில் கை நழுவுவது பெரும்பாலும் முதல் வகையிடமும், பஸ்ஸில் மறந்த கைப்பேசியிலும்தான். வரிசையை அதற்கேற்ப வையுங்கள்.

சிம் கார்டு: அஸ்திவாரம்

வாட்ஸ்அப், சிக்னல் போன்ற செய்திச் செயலிகள், மின்னஞ்சல் எல்லாம் ஒரு தொலைபேசி எண்ணின் மேல் நிற்கின்றன. அந்த எண் யார் பெயரில் இருக்கிறது? பழைய நண்பர் வாங்கிக் கொடுத்த பிரீபெய்ட், முன்பு வேலை செய்த இடத்தில் கொடுத்த எண் என்றால், நாளைக்குப் பிரச்சினை வந்து தொலைபேசி நிறுவனக் கடையில் போய் நிற்கும்போது உங்கள் மைகாட் (மலேசிய அடையாளக் கார்டு) அங்கே செல்லாது. முதலில் எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

பிரீபெய்ட் காலாவதியானால் எண் சில மாதங்களில் வேறொருவருக்கு விற்கப்படும். புதிய உரிமையாளர் தற்செயலாகப் பதிவு செய்தாலே உங்கள் வாட்ஸ்அப் கணக்கு அவரிடம் போய்விடும். இயக்க வேலைக்கென்று தனி சிம் வாங்கி டிராயரில் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால், காலாவதித் தேதியைச் சுவர் நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

உங்கள் எண்ணுக்கு வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்டு, குரல் வழியாக வரும் சரிபார்ப்பு எண்ணைத் திருடும் வழியும் உண்டு. "இந்த எண்களை டயல் பண்ணுங்க, லைன் சரியாகிடும்" என்று யாராவது சொன்னால் அதுதான். *#21# என்று டயல் செய்தால் எல்லா அழைப்பையும் திருப்பும் அமைப்பு இருக்கிறதா என்று தெரியும். ##002# எல்லாத் திருப்பிவிடலையும் நீக்கும்.

கடவுச்சொல்

மைகாட் எண்ணிலிருந்து எடுத்த எதையும் பின் எண்ணாக வைக்காதீர்கள். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலம் (கோலாலம்பூருக்கு 14, பினாங்குக்கு 07), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். உங்கள் பிறந்தநாள் வாழ்த்து முகநூலில் இருந்தால் பாதி எண் ஏற்கெனவே வெளியே இருக்கிறது.

திருக்குறள், சினிமாப் பாட்டு வரி, பழமொழி எதுவும் வேண்டாம். ஆங்கில எழுத்தில் தட்டினாலும் ஊருக்கே தெரிந்த வரி ஊருக்கே தெரிந்ததுதான். ஓர் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு இடத்தில் திறந்து, விரல் பட்ட சொல்லை எடுங்கள்: மண்வெட்டி, தாழ்வாரம், ஏலக்காய், எருமை, பனிமூட்டம், சுருட்டு என்பது போல, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறு. அழகான வாக்கியம் வரும்வரை மாற்றிக்கொண்டே இருந்தால் கணக்கு கெட்டுவிடும், விழுந்ததை எடுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள், ஏனென்றால் கணினி தொடங்கும் திரையில் தமிழ் விசைப்பலகை பெரும்பாலும் இருக்காது. ஏலக்காய்க்கு எத்தனை 'கே', பனிமூட்டத்துக்கு எத்தனை 'ஓ' என்பதை முதலிலேயே முடிவு செய்து தாளில் எழுதி, மனப்பாடமாகும் வரை வீட்டில் வையுங்கள். இதில்தான் பாதிப் பேர் தங்கள் கணக்கிலிருந்து தாங்களே பூட்டப்படுகிறார்கள்.

இப்படி ஒரே ஒரு சொற்கோவையை நீங்கள் மனத்தில் வைத்தால் போதும். அது கடவுச்சொல் பெட்டகத்துக்கு, அதாவது மற்ற எல்லாக் கடவுச்சொல்லையும் பூட்டி வைக்கும் செயலிக்கு. பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி இரண்டுமே இலவசம். மீதி எல்லாக் கணக்குக்கும் 20 எழுத்துக் குழப்பத்தைப் பெட்டகமே உருவாக்கட்டும்.

அடுத்து இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சோதனை. குறுஞ்செய்தியில் வரும் எண் எதுவும் இல்லாததைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். அந்த எண்ணைக் கைப்பேசியிலேயே உருவாக்கும் சரிபார்ப்புச் செயலி அதைவிட நல்லது. குழுவின் முதன்மை மின்னஞ்சலுக்கும் முகநூல் பக்க நிர்வாகிகளுக்கும் யூபிகீ போன்ற, சாதனத்தில் செருகும் சிறு வன்பொருள் சாவி வாங்குங்கள். போலித் தளத்தில் நீங்கள் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. தளத்தின் உண்மையான முகவரியைப் பார்த்துத்தான் அது பதில் சொல்லும். எப்போதும் இரண்டாக வாங்குங்கள். ஒன்று சாவிக்கொத்தில், மற்றொன்று வேறு வீட்டில். ஒன்றே ஒன்று வாங்கித் தொலைத்துவிட்டுத் திண்டாடுவதைவிடச் செயலியோடு நிற்பது மேல்.

வாட்ஸ்அப்

வாட்ஸ்அப்பை விட்டுவிடச் சொல்வது நடக்காத காரியம். பாதிக்கப்பட்ட குடும்பம் அதில்தான் இருக்கிறது. செந்தூல் பிளாட்டில் இருக்கும் அம்மாவிடம் போய்ப் புதுச் செயலி இறக்கச் சொன்னால், அடுத்த அழைப்பே வராமல் போகலாம். எனவே முதல் தொடர்புக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு இறுக்குவோம்.

செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் 6 இலக்கப் பின் வையுங்கள். மீட்பு மின்னஞ்சலும் கொடுங்கள். அந்த மின்னஞ்சல் பலவீனமாக இருந்தால் பின்னும் பலவீனம் என்பது நினைவிருக்கட்டும். அடுத்து லிங்க்ட் டிவைசஸ். நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம் என்பதால், போன வருடம் அச்சுக் கடையில் ஓர் ஆவணத்தை எடுக்கத் திறந்த கணினி இன்னும் உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். தெரியாததை எல்லாம் வெளியேற்றுங்கள்.

பேச்சு மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாது, ஆனால் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ போய் விழும் நகல் தானாக மறைகுறியாக்கப்படுவதில்லை. சாட்ஸ், சாட் பேக்கப், எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப் என்று போய் இயக்குங்கள், அல்லது நகலையே நிறுத்துங்கள். வழக்குக் குழுக்களுக்கு நிறுத்துவதே எங்கள் தேர்வு. பழைய நகலை டிரைவிலிருந்து தனியாக அழிக்க வேண்டும். நிறுத்தினால் மட்டும் அது போகாது.

படங்கள் தானாகக் கைப்பேசியின் கேலரிக்குப் போவதையும் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் மீடியா விசிபிலிட்டி, ஐபோனில் சேவ் டு போட்டோஸ். ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

கணக்கு பறிபோனால்: பதறி அழித்து நிறுவ வேண்டாம். அதே எண்ணில் மறுபடி பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தியில் வந்த எண்ணைக் கொடுத்த உடனே திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் பின் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த 7 நாளும் அவனாலும் உங்கள் பெயரில் பேச முடியாது. குழு நிர்வாகி ஒருவர் உடனே உங்கள் எண்ணை எல்லா வழக்குக் குழுக்களிலிருந்தும் நீக்க வேண்டும். அந்த நிர்வாகி இரண்டு பேராவது இருக்கட்டும். பணம் போயிருந்தால் 997, தேசிய மோசடி எதிர்வினை மையம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

வழக்குப் பேச்சுக்குச் சிக்னல்

தொண்டர்களும் வழக்கறிஞரும் தங்களுக்குள் பேச சிக்னலுக்கு மாறுங்கள். டெலிகிராம் மாற்று ஆகாது: அதன் சாதாரணப் பேச்சும் குழுக்களும் முனைக்கு முனை மறைகுறியாக்கம் (அனுப்பியவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய பூட்டு) இல்லாதவை. இருவருக்கு இடையே தனியாகத் தொடங்கும் ரகசியப் பேச்சுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு உண்டு. பொது அறிவிப்புக்கு டெலிகிராம் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சிக்னலில் மாற்ற வேண்டியவை: பிரைவசியில் தொலைபேசி எண்ணை யாரும் பார்க்கக்கூடாது என்றும், எண்ணை வைத்து யாரும் தேடக்கூடாது என்றும் வையுங்கள், 2024 முதல் பயனர் பெயர் வசதி இருப்பதால் புதியவருக்கு அதைக் கொடுத்தால் போதும். உங்கள் எண்ணை வேறொருவர் பதிவு செய்யாமல் தடுக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் லாக் இயக்குங்கள். பூட்டிய திரையில் வரும் அறிவிப்பில் பெயரோ செய்தியோ தெரியாதபடி மாற்றுங்கள், இல்லாவிட்டால் மேசையில் கிடக்கும் கைப்பேசியே எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும்.

மறையும் செய்திகளுக்குக் காலம் குறியுங்கள். 1 வாரம் நல்ல நடுநிலை. 1 மணி நேரம் என்று வைத்தால் ஆட்கள் திரைப்பிடிப்பு எடுத்துச் சேமிக்கத் தொடங்குவார்கள், அது இன்னும் மோசம். முடிவுகளையும் தேதிகளையும் வாரம் ஒரு முறை ஒருவர் வழக்குக் கோப்பில் எழுதட்டும், பேச்சு போகட்டும்.

இந்த விதி இன்றே எழுதப்பட வேண்டும். விசாரணை தொடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு உட்கார்ந்து அழிப்பது ஆதாரத்தை அழித்த குற்றமாகப் பார்க்கப்படலாம். எல்லா வழக்குக்கும் ஒரே மாதிரி, முன்கூட்டியே முடிவு செய்த காலக்கெடுவில் மறைவது வேறு. காவல் நிலைய வாசலில் நின்று மறைப்பது வேறு.

ஒரு பிறப்புப் பத்திரம் எங்கெல்லாம் போகிறது

வேலையின் நடுப்பகுதி இதுதான். குடியுரிமை விண்ணப்பத்துக்காக ஒரு தொண்டர் இரவு 8 மணிக்கு ஒரு வீட்டில் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைப் படம் எடுக்கிறார் என்று வையுங்கள். படம் கேலரியில் விழுகிறது. வைஃபை கிடைத்ததும் கூகுள் போட்டோஸ் மேலே ஏற்றுகிறது. அந்தக் கூகுள் கணக்கு வீட்டில் பிள்ளைகள் பார்க்கும் டேப்லெட்டிலும் திறந்திருக்கிறது. தொண்டர் படத்தை 30 பேர் உள்ள குழுவில் போடுகிறார்; கேலரிச் சேமிப்பை நிறுத்தாத ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் அது தனித்தனியாக இறங்கி, அவரவர் மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) போகிறது. அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கிறது. டவுன்லோட்ஸ் அடைவில் இன்னொரு நகல். தொண்டர் தன் கைப்பேசியில் அழித்தாலும் கூகுள் போட்டோஸ் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். ஐபோனில் 30 நாள். ஒரே இரவில் ஒரு குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், முகவரி எல்லாம் எண்ண முடியாத இடத்தில். யாரும் திருடவே இல்லை.

இதை மாற்ற, படத்தைக் கைப்பேசிக் கேமராவில் எடுக்காதீர்கள். டெல்லா என்ற இலவசச் செயலி இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. அதற்குள்ளேயே கேமரா, குரல் பதிவு, கோப்புப் பெட்டகம் உண்டு. எடுத்தது கேலரிக்குப் போகாது, மறைகுறியாக்கத்தோடு உள்ளேயே இருக்கும். ஆண்ட்ராய்டில் செயலியின் முகத்தைக் கால்குலேட்டர் போல மாற்றலாம். கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியில்லை, செயலியை நீக்கினால் கோப்பும் போகும். எனவே அன்றன்றே அலுவலகத்தில் இறக்கிவிட்டு அழிப்பதுதான் முறை.

அலுவலகத்தில் இரண்டு வெளி வன்வட்டு போதும். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர், ஆப்பிளில் டிஸ்க் யூட்டிலிட்டியின் மறைகுறியாக்கம், எதிலும் ஓடும் விராகிரிப்ட், எது வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் முதல் கோப்பை வைக்கும் முன்பே மறைகுறியாக்குங்கள். யூஎஸ்பி குச்சியிலும் எஸ்எஸ்டியிலும் "அழித்த" கோப்பு உடனே அழிவதில்லை. பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கவா என்று கேட்கும். சேமித்தால் அந்த நிறுவனத்திடமும் சாவி இருக்கிறது என்று பொருள். தாளில் அச்சிட்டு வழக்கறிஞரின் அலுவலகத்தில் வைப்பது மேல். இரண்டாவது வன்வட்டு வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தின் கீழ்த் தளத்தில் ஒன்று, மேல் தளத்தில் ஒன்று என்றால் ஒரே சோதனையில் இரண்டும் போகும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் நம் மக்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. மைகாட்டில் நம் பெயரோடு தகப்பன் பெயரும் ஒட்டிக்கொண்டே வரும். கோப்பின் பெயராக அதை முழுசாக வைத்தால், திறக்காமலேயே ஒரு குடும்பம் அடையாளம் தெரிந்துவிடும். வழக்கு எண் மட்டும் வையுங்கள்: 26-கு-014 என்பது போல. எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்தில், பூட்டிய இடத்தில்.

பத்திரிகைக்கு ஆவணம் கொடுக்கும்போது பெயரை மறைக்க ஐபோனின் ஹைலைட்டர் பேனாவால் கறுப்பு அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிரகாசத்தைக் கூட்டினால் எழுத்து தெரியும். பிடிஎஃப் மேல் கறுப்புப் பெட்டி வைத்தாலும் அடியில் எழுத்து அப்படியே கிடக்கும். வேர்டில் வெட்டிய படத்தின் வெட்டுப்பட்ட பகுதி கோப்புக்குள் இருக்கும். அச்சிட்டு, மார்க்கரால் இரண்டு முறை அடித்து, அந்தத் தாளை நகல் எடுத்து, நகலை ஸ்கேன் செய்யுங்கள். பழைய முறைதான், இதில் ஏமாற்றம் இல்லை. முகங்களை மறைக்க சிக்னலின் படத் திருத்தியில் மங்கலாக்கும் கருவி உண்டு, ஆனால் பச்சை குத்தல், சீருடை, பின்னால் தெரியும் வீட்டு எண் ஆகியவற்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஆதாரமாகப் போக வேண்டிய படம் மட்டும் இதற்கு நேர்மாறு. காயத்தின் படம், சம்பவ இடத்தின் காணொளி ஆகியவற்றின் மூலக் கோப்பைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் உதிர்ந்துவிடும், தரமும் குறையும். மூலத்தைக் கம்பி வழியாக இறக்குங்கள். 7-ஜிப் மென்பொருள் நிறுவிய கணினியில் கோப்பின் மேல் வலது சொடுக்கி ஷா-256 எடுத்தால், அந்தக் கோப்பின் கைரேகை போல 64 எழுத்து வரும். அதையும், எடுத்தவர் யார், எப்போது, யார் கையில் கொடுத்தார் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த 64 எழுத்து வரிசை வேறாகிவிடும். 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு கணினி தந்த ஆவணத்தை ஏற்பது பற்றியது. சான்றிதழ் யார் கையெழுத்தில் வேண்டும் என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டு வையுங்கள். மரண விசாரணை நடக்க வருடம் ஆகலாம். படம் எடுத்த தொண்டர் அப்போது எங்கே இருப்பாரோ!

வழக்கு முடிந்ததும் என்ன வைத்துக்கொள்வது, என்ன திருப்பிக் கொடுப்பது என்று குடும்பத்திடமே கேளுங்கள். பல சங்கங்களின் அலமாரியில் யாரும் கேட்காத மைகாட் நகல்கள் கிடக்கின்றன.

போலீஸிலிருந்து அழைப்பு வந்தால்

முதலில், அது போலீஸ்தானா? மோசடிக் கும்பலும் "புக்கிட் அமானிலிருந்து (போலீஸ் தலைமையகம்) பேசுகிறோம்" என்றுதான் தொடங்கும். பெயர், பதவி, நிலையம், விசாரணை எண் கேட்டு வைத்துவிட்டு, நிலையத்தின் பொது எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். சாட்சியாக வரச் சொன்னால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111-ஆவது பிரிவின்படி எழுத்துமூல உத்தரவு கேளுங்கள். 112-இன் கீழ் வாக்குமூலம் கொடுக்கும்போது, உங்களையே குற்றத்தில் சிக்க வைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் மறுக்க உரிமை உண்டு. கைதானால் 28ஏ பிரிவு: காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் அழைக்க விட வேண்டும். கைப்பேசி கையில் இருக்காது என்பதால் வழக்கறிஞரின் எண்ணை முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போங்கள். தேசிய சட்ட உதவி அறவாரியம் கைதிலும் தடுப்புக் காவல் விண்ணப்பத்திலும் மலேசியர்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் தருகிறது.

கூட்டத்துக்கோ, நிலையத்துக்கோ, ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்கோ கிளம்பும்போது கைப்பேசியை அணைத்து எடுத்துச் செல்லுங்கள். அணைத்து மறுபடி இயக்கிய பின் திரைப்பூட்டின் குறியீட்டை முதல் முறை போடும்வரை, உள்ளே உள்ள பெரும்பாலான தரவின் சாவி நினைவகத்தில் இருக்காது. விரல் ரேகையும் முகமும் அப்போது வேலை செய்யாது. ஒரு முறை திறந்து பூட்டிய கைப்பேசி அந்த அளவு பாதுகாப்பானது இல்லை. தடயவியல் கருவிகளுக்கு அது எளிது. அணைக்க நேரமில்லை என்றால் ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்துச் சில விநாடி அழுத்துங்கள். ஆண்ட்ராய்டில் பவர் மெனுவில் லாக்டவுன். குறியீடு 6 இலக்கத்துக்குக் குறையக் கூடாது. கோடு வரையும் பேட்டர்ன் வேண்டாம், திரையில் எண்ணெய்த் தடம் தெரியும்.

கடவுச்சொல்லைக் கேட்டால் என்ன செய்வது? 116பி என்ன சொல்கிறது என்று மேலே பார்த்தோம். கேட்பவர் எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறார், அவருடைய பதவி என்ன என்று கேட்டு, வழக்கறிஞர் வரும்வரை காத்திருக்க அனுமதி கேளுங்கள். மறுப்பதா கொடுப்பதா என்பதை அந்த அறையில் முடிவு செய்யாதீர்கள். உங்கள் வழக்கறிஞரோடு இந்த வாரமே பேசி முடிவு செய்யுங்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டால் கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் வாங்குங்கள். அதில் மாடலும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாள எண்) சிம்மும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து. ஐஎம்இஐ தெரிய *#06# டயல் செய்யலாம், அதை இன்றே எழுதி வையுங்கள்.

வெளியே இருக்கும் குழுவுக்கு அந்த நேரத்தில் ஒரு வேலை உண்டு: கைதானவரின் எண்ணை எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்குவது. செய்தி எதையும் யாரும் அழிக்க வேண்டாம். புதிய செய்தி அங்கே போகாமல் இருந்தால் போதும். கைப்பேசி திரும்பி வந்தாலும் அதை வழக்கு வேலைக்கு மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

திருமண அழைப்பிதழும் உளவு மென்பொருளும்

மலேசியாவில் டிஜிட்டல் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வந்த ஏபிகே கோப்புகள் (ஆண்ட்ராய்டுச் செயலியை நிறுவும் கோப்புகள்) பலரின் வங்கிக் கணக்கைக் காலி செய்திருக்கின்றன. பத்திரிகை என்பது படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், செயலியாக வராது. கோயில் கும்பாபிஷேக அழைப்பாக வந்தாலும், வாக்காளர் பட்டியலாக வந்தாலும் அதே விதி. ஆண்ட்ராய்டில் இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ் என்ற அனுமதியை எல்லாச் செயலிக்கும் நிறுத்துங்கள்.

நுணுக்கமான தாக்குதலும் இங்கே புதிதல்ல. 2013 பொதுத்தேர்தல் நேரத்தில் வேட்பாளர் பட்டியல் என்று மலாயில் பெயரிட்ட ஆவணம் ஒன்றில் ஃபின்ஃபிஷர் உளவு மென்பொருள் ஒளிந்திருந்ததை டொரோன்டோவின் சிட்டிசன் லேப் கண்டுபிடித்தது. பெகாசஸ் வகை உளவு மென்பொருள் நுழைய நீங்கள் எதையும் சொடுக்கக்கூட வேண்டியதில்லை. இந்த அளவு ஆபத்து உண்டென்று தாளில் எழுதியிருந்தால் கைப்பேசியின் கடும் பாதுகாப்பு நிலையை இயக்குங்கள்: ஐபோனில் லாக்டவுன் மோட், ஆண்ட்ராய்டு 16-இல் அட்வான்ஸ்ட் புரொடெக்‌ஷன். புதுப்பிப்பு வந்த அன்றே நிறுவுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன பழைய கைப்பேசியை எந்தச் செயலியும் காப்பாற்றாது. பழுது பார்க்க லோ யாட் பிளாசா போன்ற இடத்துக்குக் கொடுக்கும்போது, சாம்சுங்கில் உங்கள் தரவை மறைக்கும் மெயின்டெனன்ஸ் மோட் இயக்கிக் கொடுங்கள். கடைக்காரர் கேட்கிறார் என்று குறியீட்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது வேண்டாம்.

திட்டும் கூட்டம்

தொல்லை தமிழில் வரும்போது டிக்டாக்கின் தானியங்கிச் சல்லடை அதைப் பிடிப்பது குறைவு. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் இன்னும் நழுவும். அதனால் பதிவு செய்வது உங்கள் கையில். தடுப்பதற்கு முன் சேமியுங்கள்: முழுத் திரை, கணக்கின் பெயர், இணைய முகவரி, தேதி நேரம். நேரலை மறைந்துவிடும் என்பதால் திரையைக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். திட்டு வாங்கியவரே உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டியதில்லை. குழுவில் வேறொருவர் எடுக்கட்டும்.

2025 ஜூலையில் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் மிரட்டல், தொல்லை, அடையாள விவரங்களை வெளியிடுவது ஆகியவற்றைக் குற்றமாக்குகின்றன. போலீஸ் புகாரில் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள். அதே நேரம் உங்கள் பதிலையும் யோசித்துப் போடுங்கள்: தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவுக்கான அபராத உச்சவரம்பு 2025 திருத்தத்தில் ரிம 50,000-லிருந்து ரிம 500,000 ஆகிவிட்டது. கோபத்தில் போட்ட ஒரு வரி எதிராளியின் புகாராக மாறலாம்.

முகநூலில் நண்பர் பட்டியலை மறையுங்கள். பிள்ளைகளின் பள்ளிச் சீருடைப் படத்தையும், வீட்டு வாசலில் கார் எண் தெரியும் தீபாவளிப் படத்தையும் எடுத்துவிடுங்கள். அக்கா, மாமா, சித்தி கணக்குகளிலும் இதைச் செய்யச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டைத் தேடுபவர் முதலில் அவர்கள் பக்கத்தில்தான் பார்ப்பார்.

யாரைக் கேட்பது

ஆக்சஸ் நவ் அமைப்பின் டிஜிட்டல் பாதுகாப்பு உதவி மையம் மனித உரிமைத் தொண்டர்களுக்கு 24 மணி நேரமும் இலவசமாக உதவுகிறது. ஃபிரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ் ஆபத்தில் உள்ளவர்களுக்கு அவசர நிதியும் தருகிறது. இங்கே சுவாராம் (மனித உரிமை அமைப்பு), சுஹாகாம் (மலேசிய மனித உரிமை ஆணையம்) இரண்டோடும் முன்பே அறிமுகம் செய்து வையுங்கள்.

உதவி கேட்கும்போது தமிழில் யோசித்து எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். என்ன சாதனம், எந்தப் பதிப்பு, எப்போது முதல் சந்தேகம், என்ன நடந்தது, அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். சந்தேகப்படும் கோப்பை நீங்களாக அனுப்பாதீர்கள், அவர்கள் கேட்டால் கேட்கும் வழியில் கொடுங்கள். கைப்பேசியை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு எழுதாதீர்கள். தடயம் அதோடு போய்விடும். விமானப் பயன்முறையில் போட்டு, சார்ஜ் இறங்காமல் வைத்து, வேறொரு சாதனத்திலிருந்து எழுதுங்கள்.